தபாலில் போடாத விண்ணப்பம்

குடியுரிமைச் சட்டத்தில் மறுபடியும் ஏதோ மாற்றமாம். போன கிழமை மட்டும் மூன்று பேர் தொலைபேசி எடுத்து என் அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை என்றேன். மூன்று பேரும் எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்து, பிறகு என் மனைவியிடம் தனியாக விசாரித்திருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரொறொன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து அபிப்பிராயம் சொல்வதுதான் என் இரண்டாவது வேலை. முதல் வேலை பாண் சுடும் தொழிற்சாலையில். அது சம்பளம் தந்தது. இரண்டாவது மரியாதை தந்தது. பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழும்பிய காலத்தில், ஆங்கிலப் படிவத்தைக் கண்டு கை நடுங்காதவன் நான் ஒருவன்தான். அகதி விண்ணப்பம், வேலை அனுமதி, ஸ்பொன்சர், கடைசியில் குடியுரிமை என்று எல்லாருடைய காகிதமும் என் கையால்தான் போனது. கறுப்பு மையால், பெட்டிக்கு வெளியே எழுத்து போகாமல் எழுதுவேன். கூலி ஒரு தேத்தண்ணியும் இரண்டு மட்டன் ரோல்சும். பிறகு சனம் சென் ஜேம்ஸ் ரவுணுக்கும் அங்கிருந்து ஸ்காபரோவுக்கும் நகர்ந்தபோது நானும் நகர்ந்தேன். படிவம் நிரப்பிக் கிடைத்த ‘ஃபோம் அண்ணை’ என்ற பட்டமும் கூடவே வந்தது.

நான் முதன்முதலாக நிரப்பியது என் சொந்தப் படிவம். ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கும் என் பெயரைப் பின்னுக்கும் எழுதினேன். அன்றிலிருந்து இந்த நாடு என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறது. ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிட, நான் எழும்பிப் போய் என் இரத்தத்தைக் கொடுக்கிறேன். கனடாவைக் கண்ணாலும் காணாத அந்த மனிதருக்குச் சாரதி அனுமதிப் பத்திரமும் குடியுரிமையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த இலட்சணத்தில் தொடங்கியவனிடம்தான் சனம் ஆலோசனை கேட்டு வந்தது. நானும் சளைக்காமல் சொன்னேன்.

இதற்கு முன் ஒருதரம் குடியுரிமைச் சட்டத்தை மாற்றிய நேரம் எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாக் குடியுரிமையோடு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருப்பவர்கள் சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டால் கனடாக் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றது சட்டம். தேசத்துரோகம், பயங்கரவாதம் மாதிரியான பெரிய குற்றங்கள். ஆனால் குற்றம் என்ற பகுதி என் காதில் விழவே இல்லை. நான் சட்டத்தை வாசிக்கவும் இல்லை. காரில் போகும்போது வானொலியில் அரைவாசி கேட்டேன். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். படிவம் நிரப்புகிறவனுக்கு வெற்றிடம் கண்டால் கை சும்மா இருக்காது.

அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் பலூன்களுக்குக் கீழே ஆறு பேரை இருத்தி வைத்து நான் விளக்கம் கொடுத்தேன். கனடாக் குடியுரிமை எடுத்த அன்றே எங்களுடைய இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விட்டது. ஆகவே எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு நாடு. அதையும் பறித்தால் எங்களை எங்கே அனுப்புவார்கள்? அனுப்ப இடமில்லாதவனைத் துரத்த ஏலாது, அதுதான் எங்களுடைய பலம் என்றேன். இப்போது இலங்கையில் இரட்டைக் குடியுரிமை திரும்பவும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதற்கு ஆசைப்பட்டு விண்ணப்பிக்கிறவன் தன்னைத் துரத்துவதற்கான இடத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறான் என்றும் சொன்னேன். ஆறு பேரும் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் அங்கேயே தன் விண்ணப்பத்தைக் கைவிட்டார். எனக்கு அன்றைய புரியாணி நல்ல ருசியாக இருந்தது.

பக்கத்து மேசையில் என் மனைவி இருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுடைய அக்கா சாவகச்சேரியில் தனியாக இருந்தார். கலியாணம் கட்டாதவர்; ஓய்வு பெற்ற கணக்கு ரீச்சர். என் மனைவியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் கொண்டு போனதும், நான் பெண் பார்க்க வந்தபோது என்னிடம் வாய்பாடு கேட்காத குறையாக விசாரணை நடத்தியதும் அவர்தான். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் போய் வந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி கூட்டிப் போவாள். அக்கா தொலைபேசியில் பணம் கேட்டதில்லை, மருந்து கேட்டதில்லை. “நீ வந்து பக்கத்தில இரு. ஒண்டும் செய்ய வேண்டாம்” என்று மட்டும் சொல்வார்.

மனைவிக்கும் வேண்டியது அதுதான்; மண்டபத்தில் என் விளக்கத்தைக் கேட்டும் அவள் மனம் மாறவில்லை. விசிட் விசாவில் போனால் நாட்களை எண்ண வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடிமகளாகப் போனால் எண்ணத் தேவையில்லை; முடிவு வரைக்கும் இருக்கலாம். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நீண்ட லீவுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், கைரேகை கொடுத்து எடுத்த பொலிஸ் சான்றிதழ் எல்லாவற்றையும் அவளே சேர்த்தாள். நான் படிவத்தை நிரப்பினேன். அவள் கையெழுத்து வைத்தாள். உறை தயாரானது. அதைத் தூதரகத்துக்குத் தபாலில் போடுவது மட்டும்தான் என் பொறுப்பு.

அந்த உறை நான்கு நாள் என் காரின் முன் சீற்றில் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் மோர்னிங்சைட் வீதியில் தபால்பெட்டி இருக்கிறது. நான்கு நாளும் அதைக் கடந்து போனேன். ஐந்தாம் நாள் உறையை வீட்டுக்குள் கொண்டுவந்து, நிலவறையில் இருக்கும் ட்ரெட்மில்லின் அடியில் செருகினேன்.

அந்த ட்ரெட்மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுப்பு கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது ஆவேசத்தோடு வாங்கினேன். ஒரு கிழமை நடந்தேன். அதற்குப் பிறகு அதன் கைப்பிடிகளில் ஈரத் துணி காயப்போடுவது வழக்கம். துணி காயப்போடுவது யார்? என் மனைவி. நான் ஒருபோதும் போகாத இடம் என்பதால் அது பத்திரமான இடம் என்று நினைத்தேன். அவள் நாள்தோறும் போகும் இடம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. இலங்கையில் எத்தனையோ சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தவன் நான்.

போட்டாச்சோ என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்ததோ என்றாள். அரசாங்க வேலை, ஆறுதலாக, மெதுவாகத்தான் வரும் என்றேன். அவள் விடவில்லை, கோப்பு இலக்கமாவது தந்திருப்பார்களே என்றாள். நான் தயங்காமல் ஓர் இலக்கம் சொன்னேன். எங்கள் பழைய கார் ஒன்றின் இலக்கத் தகட்டை முன்பின்னாக மாற்றிச் சொன்னது. அவள் அதைப் பலசரக்குக் கடை நாட்காட்டியில் எழுதி, தொலைபேசியில் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினாள். அக்கா எண்களில் கெட்டிக்காரர். ஒருதரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாராம்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்: நான் அவளைக் காப்பாற்றுகிறேன். இருபத்தைந்து வருடம் பாடுபட்டு எடுத்த குடியுரிமையை ஒரு அமைச்சர் கையெழுத்தால் இழக்க விடமாட்டேன். அவள் என்ன குற்றம் செய்து தண்டனை பெறப் போகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால், முருங்கைக் கொட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு விமான நிலையத்தைக் கடந்ததைத் தவிர அவள் பெயரில் வேறு வழக்கு இல்லை என்பது விளங்கியிருக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் தேர்தல் வந்தது. ‘கனடியன் என்றால் கனடியன்தான், அதில் முதல் தரம் இரண்டாம் தரம் இல்லை’ என்று சொன்ன கட்சி வென்றது. அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். நானும் அவர்களுக்கே வாக்களித்து, வெற்றியைக் கொண்டாட ஆட்டிறைச்சி வாங்கி வந்தேன். இனி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தாலும் பயமில்லை என்று மனைவி சந்தோஷப்பட்டாள். நான் இறைச்சியைக் கழுவிக்கொண்டே தலையாட்டினேன். உறை அப்போதும் ட்ரெட்மில்லுக்கு அடியில்தான் இருந்தது. அடுத்த நாள் போட்டிருக்கலாம். சட்டம் உத்தியோகபூர்வமாக நீங்கட்டும், அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே இன்னொரு தவணை கொடுத்தேன்.

முதல் பனி விழுந்த கிழமை, நான் வேலையால் வீட்டுக்கு வந்தபோது உறை சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஒரு பக்கம் மனைவி. மறு பக்கம், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், கையில் தொலைபேசியோடு. என்னுடைய தட்டு வைக்கும் இடத்தில் உறையை வைத்திருந்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தப்பப் பார்த்தேன். சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். ஒற்றைக் குடி, இரட்டைக் குடி, அனுப்ப இடம் இருப்பவன், இல்லாதவன் என்று மண்டபத்தில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். மகள் என்னை முடிக்க விடவில்லை.

“அப்பா, டிட் யூ ஈவன் ரீட் இட்? இங்க எழுதியிருக்கு. கோர்ட்டில கொன்விக்ட் பண்ணினாத்தான். அம்மா இஸ் நொட் கோயிங் ரு கொமிட் ட்ரீசன். ஷி மேக்ஸ் சூப்.”

அவள் தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தேன். படிவத்துக்கு முன் வழிகாட்டியை முதலில் வாசியுங்கள் என்று எத்தனை பேரைக் கண்டித்திருப்பேன். சட்டத்தின் அந்தப் பகுதி ஒரு பக்கம்கூட இல்லை.

மகள் எழும்பி மேலே போனதும், மனைவி உறையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நீங்கள் அரசாங்கத்துக்குப் பயப்பிடேல்லை. நான் போனா வரமாட்டன் எண்டுதான் பயந்தனீங்கள். அதைச் சொல்லியிருக்கலாம். வருவன் எண்டு சொல்லியிருப்பன்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். முட்டைகூடப் பொரிக்கத் தெரியாதவன் நான். முந்தின முறை அவள் ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, தொழிற்சாலைப் பாணும் மகள் வைத்த பருப்பும் தின்று, வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்க விருப்பமில்லாமல் காருக்குள்ளேயே இருந்திருக்கிறேன். அங்கே அக்கா, வளவு, கோயில், வெயில். இங்கே நானும் ஒரு ட்ரெட்மில்லும். காலவரையறை இல்லாமல் அங்கே இருக்க அனுமதித்தால் எந்த மனுசி திரும்பி வருவாள்? சட்டம் வராவிட்டாலும் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். இதை அன்று நான் அவளிடம் சொல்லவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். அதையும் ஒரு தியாகம் போலச் செய்தேன்.

மறுநாள் அந்த உறையையே தபாலில் போடலாம் என்று பார்த்தால், உள்ளே இருந்த பொலிஸ் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் எத்தனை மாதம் போகுமோ தெரியாது. அதே கிழமை அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மனைவி விசிட் விசா எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். விமான நிலையத்தில் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் எந்தப் பெட்டிக்குள் எந்தக் கறி, எந்த நாளுக்கு என்று ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். இருபது பெட்டிகள் இருந்தன. நான் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன்; எதிலும் ருசியில் குறை இல்லை.

அங்கிருந்து தொலைபேசி எடுத்து, அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்றாள். இரண்டு பேரும் பகல் முழுக்கக் கதைக்கிறார்களாம். ஒருநாள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னாள். நான் சொன்ன கோப்பு இலக்கத்தை அக்கா ஒரு துண்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாராம். ஆமிக்காரனோ பொலிசோ யாராவது வந்து இவள் ஏன் இங்கே நிற்கிறாள் என்று கேட்டால் காட்டுவதற்கு. அது பொய் இலக்கம் என்று சொன்னனீரோ என்று கேட்டேன். இல்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

முப்பது நாள் விசா. நீட்டிப்பதென்றால் கொழும்புக்குப் போய் நேரில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள்வரை அவள் போகாமல் இழுத்தடித்தாள். அக்காவை விட்டு ஒரு பகல்கூடப் பிரிய மனமில்லை. பிறகு, காலையில் ரயில் எடுத்துக் கொழும்பில் இறங்கி, அடுத்த நாள் அலுவலகத்தில் முடித்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். “போயிட்டு வா, நான் எங்க போகப் போறன்” என்றாராம் அக்கா.

அடுத்த நாள் இங்கே விடியப்புறம் ஆறு மணி. நான் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அவள்தான். அங்கே பின்னேரம். பின்னணியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் யாரோ இலக்கங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா போயிட்டா” என்றாள். “இப்பதான் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தவள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவ, எழும்பவேயில்லையாம்.”

ஒரு சப்பாத்து காலிலும் ஒன்று கையிலுமாக இருந்தேன்.

“நான் வெளிநாட்டுக்காரற்றை வரிசையில நிக்கிறன். எனக்கு முன்னால இன்னும் பதினேழு பேர். விசா இண்டையோட முடியுது. இதை விட்டிட்டு இப்பவே போகலாமோ, இல்லாட்டி முத்திரை குத்தும் வரைக்கும் நிக்க வேணுமோ? பிறகு செத்தவீட்டில வந்து பிரச்சினை குடுப்பாங்களோ? சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே சட்டம் தெரியும்.”

அவள் குத்திக் காட்டவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. அந்த நேரத்திலும், அத்தனைக்குப் பிறகும், உண்மையாகவே என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறையாவது எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மண்டபத்தில் பேசும் அதே குரலில் சொன்னேன்:

“நில்லும். முத்திரையைக் குத்திக்கொண்டு போம்.”

சரி என்றாள். தொலைபேசியை வைத்தாள். பதினேழு பேர் போகும்வரை, தான் பிறந்த நாட்டில், செத்துப்போன அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, முத்திரைக்காக நின்றாள். வடக்கே போகும் பின்னேர ரயில் தவறிப்போனது. மறுநாள் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தாள். அவள் போகும் முன்பே அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்தக் கடைசித் தலையிழுப்பை அக்காவுக்கு வேறு யாரோ செய்திருந்தார்கள்.

விசா ஒரு நாள் பிந்தினால் என்ன செய்வார்கள் என்று நான் பிறகுதான் தேடி வாசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கம் சொல்லிச் சரிசெய்திருக்கலாம். அதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.